நெற்றிக்குப் போகிற கை

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு... நான் எங்கேயும் போகவில்லை. ஊரில்தான் மல்லாக்கப் படுத்திருந்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்தார். ஹெர்னியா என்றார். ஆபரேஷன் என்றார். தூத்துக்குடியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று.

“முழு மயக்கம் குடுக்கவா, இல்ல முதுகுல ஊசி போட்டுக் கீழ மட்டும் மரத்துப்போக வைக்கவா?” என்று கேட்டார் டாக்டர்.

“முதுகுல ஊசி போட்டா முழிச்சிருக்கலாமா?”

“இருக்கலாம்.”

“அப்ப ஊசி!”

வாராவாரம் பத்தி எழுதுகிறவளுக்குக் கண்ணை மூடிப் படுக்கிற பாக்கியம் ஏது? ஆபரேஷன் தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா என்ன? என் வீட்டுக்காரருக்குத்தான் பயம். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இல்லை. “ஏட்டி, அங்கனயும் போய்ப் பேசிக்கிட்டே கெடக்காத. அந்த மனுஷன் தையலை மாத்திப் போட்டுரப் போறாரு” என்றார்.

அன்று காலை என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டுபோய் தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே முந்தைய கேஸ் முடிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தார்களாம். எனக்குப் பக்கத்திலேயே கை கழுவுகிற தொட்டி. பச்சை உடுப்பும் தொப்பியும் மாஸ்க்குமாக ஒல்லியாக ஒரு பெண் கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவினாள்... கழுவினாள்... நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். இலையிலிருந்து எழுந்துபோய் நாம் கழுவுகிறோமே, அதற்குப் பெயர் கழுவுவதே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சும்மா கிடக்க முடியுமா என்னால்?

“உன் பேரு என்னம்மா?”

“ஜெசிந்தா.”

“எந்த ஊரு?”

“பெரியதாழை.”

“நர்ஸா?”

“இல்லம்மா. தியேட்டர் டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கேன். இப்ப ட்ரெய்னிங்.”

“அப்படின்னா என்ன வேலை?”

“ஆபரேஷன் சாமானை எல்லாம் சுத்தமா எடுத்து வைக்கணும். டாக்டர் பக்கத்துல நின்னு, அவரு கேக்குறதுக்கு முந்தி கையில குடுக்கணும்.”

“கேக்குறதுக்கு முந்தியா? எங்க வீட்டுல கேட்ட பொறவுகூட நான் குடுக்குறதில்லையே!”

மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. அந்த நேரம் பார்த்து தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நடையிலேயே ஒரு அதட்டல்.

“ஏளா ஜெசிந்தா! இந்தக் கேஸுக்கு நீதான் டாக்டர் பக்கத்துல நிக்கப் போறே. நேத்து சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சிஸ்டர்.”

“என்ன சொன்னேன்?”

“கை நெத்திக்குப் போகக் கூடாது.”

“போச்சுன்னா?”

“ஆட்டோகிளேவ் ரூம்.”

“பரீட்சை?”

ஜெசிந்தா குனிந்து மறுபடி நகத்தைத் தேய்த்தாள். சிஸ்டரே சொன்னார். “இந்த வருஷம் கெடையாது. இதுதான் கடைசி, பாத்துக்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஹெர்னியா மறந்துவிட்டது. அது என்ன நெற்றி? நெற்றிக்குக் கை போனால் ஒரு வருஷப் படிப்பு போகுமா?

விஷயத்தை உடைத்தவள் பாத்திமா. காயல்பட்டினத்துப் பெண். அவளும் தியேட்டர் டெக்னீஷியன்தான், ஆனால் படிப்பை முடித்து வேலைக்கு வந்து சில வருஷமாகிறது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டே என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

“கையைக் கழுவி, கவுனை மாட்டி, கிளவுஸ் போட்டாச்சுன்னா அந்தக் கை நம்ம கையே இல்லம்மா. நெஞ்சுக்குக் கீழ, இடுப்புக்கு மேல, அந்த எடத்துலதான் வச்சிருக்கணும். மூக்கு அரிச்சாக்கூட சொறியக் கூடாது. என்னை மாதிரி கிளவுஸ் போடாம வெளிய நிக்கவங்கதான் சொறிஞ்சு விடணும்.”

“இவ சொறிஞ்சிட்டாளா?”

“அப்படின்னாலும் பரவால்லையே! டாக்டர் வந்து ‘ஆரம்பிப்போமா’ன்னு ஒரு வார்த்தை கேப்பாரு. கேட்டதும் இவ படக்குன்னு சிலுவை போட்டுருவா! சுத்தமான கிளவுஸைக் கொண்டுபோயித் தொப்பியில வச்சா என்ன மிஞ்சும்? எல்லாத்தையும் கழத்திப் போட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து கழுவணும். ரெண்டு வாட்டி ஆயிட்டு.”

எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. புடைப்பு வலித்தது. வலியோடு சிரித்தேன்.

“நீங்க எப்படி ஆரம்பிப்பீங்க?” என்று அவளைக் கேட்டேன்.

“நாங்க வாயால பிஸ்மி சொல்லிருவோம். மாஸ்க்குக்குள்ள சொன்னா யாருக்கு என்ன? இவளுக்கு எல்லாமே கையில இருக்கு. போன பேட்ச்ல ஒரு தம்பி இருந்தான். சாமான் வச்ச ட்ராலியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். சிஸ்டர் அன்னைக்குப் போட்ட சத்தம் ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும்.”

சிரித்தேனே தவிர, யோசித்தால் எனக்கு அந்தத் தம்பியையும் புரிந்தது, ஜெசிந்தாவையும் புரிந்தது. ஆட்டோ ஒரு கோயிலைத் தாண்டினால் என் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. எந்தச் சாமி என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். காலில் காகிதம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன், அது மின்சார பில்லாக இருந்தாலும். நம் ஊரில் கைதான் முதலில் கும்பிடுகிறது. மனசு சாவகாசமாகப் பின்னால் வந்து சேர்கிறது. இத்தனை வருஷம் பழக்கிய கையை ஒரு கோர்ஸ் வந்து நிறுத்து என்றால் நிற்குமா?

உள்ளே ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. தியேட்டரில் நல்ல குளிர். மேலே பெரிய விளக்கு. மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்றார். நான் அவரிடம் விளக்கின் விலையை விசாரித்தேன். ஏசியைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஆபரேஷன் செய்கிற டாக்டர் கை கழுவி, கவுன் மாட்டி உள்ளே வந்தவர், “அம்மா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க. ப்ளீஸ்” என்றார்.

சரி, வாயை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து வைத்தேன்.

ஜெசிந்தா ஒரு ட்ராலிக்கு முன்னால் நின்றாள். பளபளவென்று கத்தியும் கத்தரிக்கோலும் இடுக்கிகளும். எல்லாம் ஒரே திசை பார்த்துக் கிடந்தன. என் வயிற்றுக்கும் முகத்துக்கும் நடுவே கட்டுகிற திரையை இன்னும் கட்டவில்லை. அதனால் அவளை நன்றாகப் பார்க்க முடிந்தது. பாத்திமா என் தலைக்கு மேலே விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் மூலையில் ஏதோ மெஷினுக்கு ஒயரைச் சொருகிக்கொண்டிருந்தார். டாக்டர் என் வயிற்றைப் பார்த்தபடி சொன்னார்:

“ஆரம்பிப்போமா?”

போட்டுவிட்டாள்!

கண் மூடித் திறப்பதற்குள் நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். அவ்வளவுதான். கை மறுபடி முன்னால் வந்து நின்றது. அந்தக் கையை அவளே யாரோ ஒருத்தி கையைப் போலப் பார்த்தாள்.

யாரும் கவனிக்கவில்லை. டாக்டர் கவனிக்கவில்லை. பாத்திமா கவனிக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு முதுகு இந்தப் பக்கம். பார்த்தது நான் ஒருத்திதான்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கை இப்போது சுத்தமில்லை. அது எடுத்துக் கொடுக்கப்போவதெல்லாம் என் வயிற்றுக்குள் போகப்போகிறது. சொல்லிவிடலாம். சொன்னால் அவள் பரீட்சை போயிற்று. சொல்லாவிட்டால்... என் வயிறு! காலையிலிருந்து ஓயாமல் பேசிய வாய். பேச வேண்டிய ஒரே சமயத்தில் ஒட்டிக்கொண்டது.

“ஸ்பாஞ்ச் ஹோல்டர்” என்று டாக்டர் கையை நீட்டினார். தோலில் மருந்து தடவ, பஞ்சைப் பிடித்துக்கொள்கிற நீளமான இடுக்கி. முதலில் கேட்கிற சாமான் அதுதான்.

ஜெசிந்தா கொடுக்கவில்லை.

“ஸ்பாஞ்ச் ஹோல்டர்!”

அந்த இடுக்கி அவள் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எடுத்துக் கொடுத்தால் வேலை நடக்கும். ஒருத்தருக்கும் தெரியாது. கவுனுக்குள் அவள் தோள் ஏறி இறங்கியது எனக்குத் தெரிந்தது.

“சார்... நான் அன்ஸ்டெரைல் ஆயிட்டேன் சார்.”

சிஸ்டர் திரும்பினார்.

“எங்கன தொட்டே?”

“நெத்தி... நெஞ்சு... ரெண்டு தோளும் சிஸ்டர்.”

டாக்டர் மெதுவாகக் கேட்டார். “முழுசாவே போட்டுட்டியா?”

“ஆமா சார். ஆமென் வரைக்கும்.”

தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் மாஸ்க்குக்குள் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. “ட்ராலியைத் தொட்டியா?” என்றார் சிஸ்டர். “இல்ல சிஸ்டர். அப்படியே நிக்கேன்” என்றாள் ஜெசிந்தா. அவள் கைகள் அந்தரத்தில் நின்றன. சிஸ்டர் தானே போய்க் கழுவி, கவுன் மாட்டி வந்து அந்த இடத்தில் நின்றார். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தள்ளி வெளியே போனாள். அதற்குப் பிறகு திரையைக் கட்டிவிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியா என்று கேட்டார் மயக்க மருந்து டாக்டர். இல்லை என்று தலையாட்டினேன். என்னவென்று சொல்வது? இருபது வயதுப் பிள்ளை ஒன்று, தன் ஒரு வருஷத்தைத் தூக்கி என் வயிற்றுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறது. கண்ணைத் துடைக்க முடியாமல் என் கை இரண்டையும் பலகையில் கட்டிப்போட்டிருந்தார்கள். பாத்திமாதான் துடைத்துவிட்டாள்.

மறுநாள் வார்டில் ஜெசிந்தாவைக் காணவில்லை. கேட்டால், ஆட்டோகிளேவ் ரூமில் இருக்கிறாளாம். ஆபரேஷன் துணிகளையும் சாமான்களையும் பொட்டலம் கட்டி நீராவியில் வைத்து எடுக்கிற அறை. தியேட்டருக்குள் வர அனுமதி இல்லை. அங்கே வேலை குறைவு இல்லைதான். ஆனால் டாக்டர் பக்கத்தில் நின்று பழகாமல் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? இன்சார்ஜ் சிஸ்டர் வார்டுப் பக்கம் வந்ததும் பிடித்துக்கொண்டேன். தையல் போட்ட வயிற்றோடு எழுந்து உட்கார்ந்து, நேர்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். யாரும் பார்க்காதபோது தானாக வந்து சொல்கிற பிள்ளைகள் இந்தக் காலத்தில் எத்தனை பேர், அவளுக்குப் போய் இப்படித் தண்டனையா... இத்யாதி இத்யாதி.

சிஸ்டர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்.

“அம்மா, நானும் வேதக்காரிதான். நானும் சிலுவை போடுவேன். கை கழுவுறதுக்கு முந்தி போடுவேன். அவ உண்மையைச் சொன்னா, சரி. சொன்னதுனால கிளவுஸ் சுத்தமாயிருமா? ஒவ்வொரு கேஸுக்கும் அவ கையைக் கொண்டுபோறதும், உண்மையைச் சொல்லுறதுமா இருந்தா, நான் எப்ப ஆபரேஷனை முடிக்க? நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் கேஸ் வந்து, ரத்தம் போய்க்கிட்டு இருக்கும். அன்னைக்கும் இவ கழுவிட்டு வார வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கவா?”

எழுந்து உட்கார்ந்தவள் மறுபடி தலையணையில் சாய்ந்தேன். நேர்மை பெரிய விஷயம்தான். ஆனால் காயத்துக்கு நேர்மை தெரியாது, சுத்தம்தான் தெரியும். சினிமாவில் உண்மை சொன்னதோடு படத்தை முடித்துவிடலாம். ஆஸ்பத்திரியில் மறுநாளும் கேஸ் இருக்கிறது.

என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, போகும்போது நின்று சொன்னார். “அவ சொன்னாள்ல, அதுக்காக ஒரு கேஸ் குடுக்கேன். ஒண்ணே ஒண்ணு. வார புதன்கெழமை. அதுல கை மேல போச்சுன்னா அடுத்த வருஷம்தான். அவகிட்டயும் சொல்லிட்டேன்.”

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று சாயங்காலம் ஜெசிந்தாவே வந்தாள். மாஸ்க் இல்லாமல் பார்த்தால் இன்னும் சின்னப் பெண்ணாக இருந்தாள். “மன்னிச்சிருங்கம்மா. என்னால உங்களுக்கு லேட்டாயிட்டு” என்றாள்.

அவள் அப்பாவுக்குப் பெரியதாழையில் மீன்பிடி வள்ளமாம். “வள்ளத்தைக் கடல்ல தள்ளுமுந்தி சிலுவை. மோட்டார் கயித்தை இழுக்குமுந்தி சிலுவை. வலையை எறக்குமுந்தி சிலுவை. அம்மா அடுப்பு பத்த வைக்குமுந்தி சிலுவை. எங்க வீட்டுல சிலுவை போடாம ஆரம்பிச்ச காரியம்னு ஒண்ணு கெடையாதும்மா. நான் போன் சார்ஜ் போடுறப்பக்கூட போடுதேன்” என்றாள். அடக்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம்.

“நிறுத்தப் பாத்தியா?”

“பாக்காம இருப்பேனா? கழுவுமுந்தியே நெறையப் போட்டுப் பாத்தேன், அதோட தீந்துரும்னு. தீரல. எங்க சாமியார்ட்ட கேட்டேன். ‘மனசுல போட்டாப் போதும் மகளே’ன்னாரு. மனசு கேக்குது. கை கேக்க மாட்டேங்கு.”

சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. இந்த வருஷம் பரீட்சை எழுதாவிட்டால் இன்னொரு வருஷம் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்க வீட்டில் வழி இல்லை. கோர்ஸ் அதோடு நின்றுவிடும்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. கேட்டுவிட்டேன். “நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுதானே அன்னைக்குச் சொன்னே?”

அவள் திகைத்துப் போனாள்.

“நீங்க பாத்தீங்களா? கண்ணாடியைக் கழத்தி வச்சிட்டுத்தானே படுத்திருந்தீங்க! உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்.”

கண்ணாடி எனக்குப் படிக்க மட்டும்தான். தூரத்துப் பார்வை ஜோர். ஆனால் அதை அவளுக்கு விளக்க மனசு வரவில்லை. என் பார்வையின் தீட்சண்யத்தால் ஒரு பிள்ளை உண்மை பேசியது என்று வார்டு முழுக்கப் பெருமை அடித்து வைத்திருந்தேன்... எல்லாம் போயிற்று.

“அப்ப ஏன் சொன்னே?”

“அந்தச் சாமான் உங்க வயித்துக்குத்தானே வரும்? கொஞ்ச நேரத்துக்கு முந்திதான் எம் பேரு என்ன, ஊரு என்னன்னு கேட்டுக்கிட்டுக் கெடந்தீங்க. எப்படிக் குடுக்க?”

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். பேசிக்கொண்டே கிடப்பதில் எவ்வளவு நன்மை இருக்கிறது என்று புரிந்துகொள்ளட்டும்.

தையல் பிரிக்க செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார் டாக்டர். நான் புதன்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆகாது என்று வீட்டுக்காரரிடம் ஒரு பொய்.

புதன்கிழமை காலை தியேட்டர் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே யாருக்கோ அப்பென்டிக்ஸ். அவருடைய மனைவியும் தம்பியும் எனக்கு எதிரே உட்கார்ந்து உருகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவர் கவலை. எனக்கு ஜெசிந்தா கவலை. எனக்கு என்ன சொந்தம் அவள்? மொத்தமே இரண்டு தடவை பேசியிருக்கிறேன். ஆனாலும் கதவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அவள் பாதியில் வெளியே வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

வெளியே ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் பேப்பரில் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் படிக்கவில்லை என்று தெரிந்தது.

கதவு படாரென்று திறந்தது. பச்சை உடுப்பு. பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்.

பாத்திமா! ஏதோ ஒரு பாட்டிலை எடுக்க ஓடி வந்தாள். திரும்பி ஓடும்போது என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் வீட்டுக்காரரும் விவாதித்தோம். நல்லதுதான் என்றார் அவர். பாத்திமாவின் புருவம் எப்போதுமே அப்படித்தான் என்றேன் நான்.

ஒருவழியாக விளக்கு அணைந்தது. டாக்டர் வெளியே வந்து அந்த மனைவியிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். அவருக்குப் பின்னால், மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, கவுனும் கிளவுஸும் இல்லாமல் வெறும் கையோடு ஜெசிந்தா வந்தாள். என்னைப் பார்த்தாள். நடு வராந்தாவில் நின்றாள். நிதானமாக, அவசரமே படாமல், நெற்றியில் தொடங்கி ஒரு சிலுவை போட்டாள்.

“உள்ள?” என்றேன்.

“போகலம்மா! கை மேல போகவே இல்ல!”

எப்படி? பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருக்கிறாள். கோயிலில் பூசை. நன்மை வாங்க — சாமியார் கொடுக்கிற அந்த அப்பத்தை வாங்க — வரிசையில் நின்றிருக்கிறாள். புதன்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டே நின்றவள், தற்செயலாகக் குனிந்து தன் கையைப் பார்த்திருக்கிறாள்.

“கையைச் சேத்து நெஞ்சுக்கு முன்னால வச்சிருக்கேம்மா. இடுப்புக்கு மேல, நெஞ்சுக்குக் கீழ. இதே எடம்! சிஸ்டர் கரடியாக் கத்துன அதே எடம்! சின்னப் புள்ளையில மொத தடவையா, புதுநன்மை வாங்கும்போது பழகுன கை இது. அந்த வரிசையில நிக்கும்போது யாரும் நடுவுல சிலுவை போட மாட்டோம். வாங்கிட்டுத் திரும்பி வந்துதான் போடுவோம். இன்னைக்கு கிளவுஸ் போட்டதும் கையை அப்படிச் சேத்துக்கிட்டேன். நன்மை வாங்க நிக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். டாக்டர் ‘ஆரம்பிப்போமா’ன்னாரு. கை அதும்பாட்டுல நின்னுச்சு. அப்பறம் ஸ்பாஞ்ச் ஹோல்டர் கேட்டாரு... இல்ல, கேக்கலை. கேக்குறதுக்கு முந்தியே குடுத்திட்டேன்!”

நான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சுத்தமோ அசுத்தமோ, இனிமேல் யார் தொட்டால் என்ன?

பழக்கத்தை வெட்டி எறி என்றுதான் எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவளோ தன்னிடம் இருந்த இன்னொரு பழக்கத்தைத் தேடி எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டாள். வெளியிலிருந்து ஒரு உபாயமும் வாங்கவில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். எழுந்து நின்றாள் ஜெசிந்தா. சிஸ்டர் முகத்தில் சிரிப்பு என்று எதுவும் இல்லை.

“இங்கன நின்னு என்ன கதை? சாமானை யாரு கழுவுவா? நாளைக்கும் நீதான் நிக்கப் போறே, சீக்கிரம் வா.” இரண்டு அடி போய்த் திரும்பினார். “பரீட்சைக்கு உன் பேரையும் சேத்து அனுப்புதேன்.”

ஜெசிந்தா ஓடியே போய்விட்டாள். எதிரே அப்பென்டிக்ஸ்காரர் மனைவி, உங்களுக்கு யார் உள்ளே என்று என்னைக் கேட்டாள். என் கண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்க வேண்டும். யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நம்ம புள்ளை ஒண்ணு என்று சொல்லி வைத்தேன்.

பிறகு டாக்டர் அறைக்குப் போனோம். தையல் பிரித்தார். காயம் அருமையாக ஆறியிருக்கிறது என்றார். மேஜையில் இருந்த என் ஸ்கேனை எடுத்து மறுபடி ஒரு தடவை பார்த்தார். டாக்டர்கள் மறுபடி ஒரு தடவை பார்த்தாலே நமக்குக் கலக்கம்தானே?

“பித்தப்பையில சின்னதா ஒரு கல்லு இருக்கும்மா. பயப்படாதீங்க, அவசரமே இல்ல. எடுக்கணும்னு தோணுனா எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்.”

வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. நான் கேட்டேன்.

“டாக்டர், அந்தப் பெரியதாழைப் புள்ளை பரீட்சை எழுதி முடிச்சு, இங்கனயே வேலைக்கு வர எவ்வளவு நாளாகும்?”

“யாரு, ஜெசிந்தாவா? ஏழெட்டு மாசம் ஆகலாம். எதுக்குக் கேக்கீங்க?”

“அப்ப அதுவரைக்கும் கல்லு அங்கயே இருக்கட்டும்.”